பயிற்சித் தண்ணீர்

ஆமோதபுரம் என்ற நாட்டில் அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்கொரு முறை, அரசரின் பிறந்தநாளன்று, எல்லோரும் அரண்மனை ஏரிக்கரையில் கூடி வலது கையைத் தூக்கி "ஆம்" என்பார்கள். அரசர் இன்னோர் ஆண்டுக்கு அரசராவார். பிறகு தெப்பத்தில் ஏறி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கையைத் தூக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அந்தச் செயலுக்கு அந்நாட்டு மொழியில் சொல்லே கிடையாது.

ஓர் ஆண்டு மழை பொய்த்தது. தெப்பம் மிதக்க வேண்டுமே என்று ஏரியின் மடையை அடைத்துவிட்டார்கள். மடைக்குக் கீழே பள்ளவயல் என்ற ஊர். அங்கே நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரும் தறுவாயில் நின்றது. பதினெட்டு நாளுக்குள் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான். மூன்று வயலை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்துவந்த சிட்டம்மா, மடைக்காவலர் காத்தையனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ரெண்டு நா மட்டும் திறந்து விடுங்க."

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன் தங்கச்சி? ராசா முத்திரை வச்ச ஓலை கொண்டா. எந்நேரம் வந்தாலும் திறக்கிறேன்."

சிட்டம்மா அரசவைக்குப் போனாள். அங்கே மனுக்களுக்கு மரியாதை அதிகம். சந்தனம் தடவி, மாலை போட்டு, ஓர் அறையில் அடுக்கிவிடுவார்கள். முத்திரை மட்டும் அரசரின் தாத்தா காலத்திலிருந்து பட்டுத்துணிக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் தெரியாத சிட்டம்மா நேராகக் கேட்டாள்.

"தெப்பம் மிதக்கிறதுக்கு எங்க சோறு முழுகணுமாங்க?"

அரசருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. தலைமை அமைச்சர் பெருநாவலர் எழுந்தார்.

"அரசே, இவள் என்ன கேட்கிறாள் என்பது இங்கே பொருளன்று. எப்படிக் கேட்கிறாள் என்று பாருங்கள். பயிற்சியே இல்லை. குடிமக்களுக்குக் குடிமக்களாக இருக்கக் கற்றுக்கொடுக்காதது நம் குற்றமே."

இப்படித்தான் ஆமோதபுரம் குடிமைப் பங்கேற்புக் கல்லூரி பிறந்தது. அதில் பதினைந்து நாள் படித்துப் பட்டம் பெற்றவர்தான் இனி அரசரிடம் எதையும் கேட்கலாம் என்பது முதல் ஆணை. சிட்டம்மா மறுநாளே சேர்ந்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்? அவளுக்கு இருந்ததே பதினேழு நாள்.

அந்த வாரமே இரண்டாவது ஆணை வந்தது. பயிற்சி இல்லாமல் கேட்பது குற்றம் என்றால் பயிற்சி இல்லாமல் கை தூக்குவதும் குற்றம்தானே? ஆகவே பிறந்தநாளுக்குள் நாடே பட்டம் பெற்றாக வேண்டும். ஊர் ஊராக ஆட்களைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வயல்களில் ஆடு மேய்ந்தது. கல்லூரித் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று, மடையில் கசிந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சத்தையும் இழுத்துக்கொண்டார்கள்.

காலையில் நன்றி கூறல், மதியம் பொறுமை, மாலையில் களப்பணி என்பது பாடத்திட்டம். களப்பணி என்றால் அரண்மனைத் தெருவைப் பெருக்குவது. ஓவியர் ஒருவர் அதைப் படம் வரைவார். படம் முடியும்வரை துடைப்பத்தை ஓங்கியபடி அசையாமல் நிற்க வேண்டும். தெரு சுத்தமானதோ இல்லையோ, படங்கள் நன்றாக வந்தன.

பத்தாம் நாள் சிட்டம்மாவைப் பார்க்க அவள் கணவன் வீரணன் வந்தான்.

"வயல்ல கால வச்சா வெடிப்புல பாதம் மாட்டுது. நீ இங்க உக்காந்து என்ன படிக்கிறே?"

"பொறுமை" என்றாள் சிட்டம்மா.

தேர்வு நெருங்கியபோது ஒரு சிக்கல் முளைத்தது. மாணவர்கள் பாவனை மனு கொடுக்க, பாவனை அரசர் அதில் முத்திரை வைக்க வேண்டும். ஆனால் அரச முத்திரையைப் போல இன்னொன்று செய்தால் தலை போகும் என்பது பழைய சட்டம். பெருநாவலர் மூன்று நாள் யோசித்தார்.

"அசலையே கொடுத்து அனுப்புங்கள். அதற்கு இங்கே வேலை ஏதும் இல்லை" என்றார். அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

தேர்வு நாளில் கல்லூரித் தலைவர் அட்டைக் கிரீடம் சூடி அமர்ந்திருந்தார்.

"மாணவியே, கற்பனைக் கோரிக்கை ஒன்றைச் சமர்ப்பிப்பீராக."

"பள்ளவயல் மடையத் திறந்து விடணுங்க."

"இது கற்பனைதானே?"

"எங்களுக்கு அது எப்பவும் கற்பனைதானுங்க."

பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஓலையில் முத்திரையைப் பதித்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டார். மூன்று முறை சொல்ல வேண்டிய நன்றியை ஒரே முறை சொன்னதற்காக இரண்டு குறைத்தார். சிட்டம்மா பட்டத்துக்குக்கூடக் காத்திருக்காமல் ஓலையோடு ஓடினாள்.

காத்தையன் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்கப்பா காலத்துலகூட இத யாரும் கண்டதில்ல" என்று மடைப்பலகையைத் தூக்கினார். தண்ணீர் மூன்று நாள் ஓடியது. சிட்டம்மா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நான்காம் நாள் அரண்மனைக்குச் செய்தி எட்டியது. மடையைத் திறக்கவைத்த ஓலை ஆணை செல்லாது என்று சொன்னால் முத்திரை செல்லாது என்றாகிவிடும். ஆகவே பெருநாவலர் மூன்றாவது ஆணையைப் பறையறைவித்தார். "கல்லூரியில் பயின்றோர் செய்வது யாவும் பயிற்சியே. திறந்தது பயிற்சி மடை. பாய்ந்தது பயிற்சித் தண்ணீர்." மடையை மறுபடி அடைத்தார்கள். ஆனால் அது பயிற்சித் தண்ணீர் என்பது நெல்லுக்குத் தெரியாது. கதிர் வெளிவந்து பால் பிடித்தது.

அரசரின் பிறந்தநாள் வந்தபோது ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். தெப்பம் சேற்றில் தட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, அரசர் அதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் நாடே பட்டத்தோடு நின்றது. எல்லாக் கைகளும் கற்றுக்கொடுத்த உயரத்துக்குச் சரியாக எழுந்தன. "ஆம்" என்றது கூட்டம்.

தூக்கிய கையை இறக்காமலே சிட்டம்மா முறைப்படி மூன்று முறை நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். நாங்க எல்லாரும் பட்டம் வாங்குனவங்க. இப்பத் தூக்குன கை நெசமா, பயிற்சியா?"

அரசர் பெருநாவலரைப் பார்த்தார். பெருநாவலர் கல்லூரித் தலைவரைப் பார்த்தார். நிஜம் என்றால் மடை ஆணையும் நிஜம். பயிற்சி என்றால், தெப்பத்தில் நிற்பவர் யார்?

"இதை ஆராய ஒரு குழு அமைக்கிறேன்" என்றார் அரசர்.

"குழு அமைக்க முதலில் அரசர் வேண்டும், அரசே" என்று பெருநாவலர் காதோடு சொன்னார்.

சிட்டம்மாவுக்குக் கை வலித்தது.

"அறுப்புக்கு நேரமாச்சு, வா" என்று வீரணனிடம் சொல்லிவிட்டுக் கையை இறக்கினாள். பக்கத்தில் நின்ற காத்தையனும் இறக்கினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

அதை உடனே தடைசெய்ய வேண்டும் என்று பெருநாவலர் வாயைத் திறந்தார். ஆனால் அதற்கு அந்த மொழியில் சொல் இல்லை.