மகளும் மாப்பிள்ளையும் தீவில் நின்றுபோன விவரம்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் வீட்டில் உள்ளோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் தங்கையும் சுகம்தான். நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். தீவில் நடந்ததைப் பற்றி அவள் உங்களுக்குப் போன் செய்து அழுதிருப்பாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. ஆனாலும் என் தரப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

என் மகள், அதாவது உங்கள் செல்ல மருமகள், ராப்பகலாகப் படித்த பரீட்சையில் பாஸாகி, மூச்சிரைக்க ஓடிப் போய்ப் புருஷனிடம் சொல்ல, லிஃப்ட் மெக்கானிக்கான நம் மாப்பிள்ளை தலையைக்கூடத் திருப்பாமல் "ம்" என்றாராம். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போய் விசாரித்தேன். "வாயில ஸ்க்ரூ இருந்துச்சு மாமா" என்றார். "அத எடுத்துட்டுப் பேச வேண்டியதுதானே மாப்பிள?" என்றேன். "எடுக்கறதுக்குள்ள அவ கிளம்பிட்டா" என்றார். இவளிடம் வந்து சொன்னால், "ஒரு நாள் ஸ்க்ரூ, ஒரு நாள் டார்ச்சு. அந்த வாயில வார்த்தையத் தவிர எல்லாம் இருக்கும்பா" என்கிறாள். இந்த நிலையில்தான் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து அவளை உங்கள் ஊருக்கே கூட்டிப்போய் வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் அவள் உங்கள் காரில் ஏறிவிட்டால் அந்தக் குடும்பம் அதோடு முடிந்தது என்று எனக்குப் பட்டது.

அதனால்தான் தீவுப் பயணம். நாலு இடம் பார்த்தால் நாலு வார்த்தை பேசித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு, இவளிடம் அவர் வருவதைச் சொல்லாமலும் அவரிடம் இவள் கோபமெல்லாம் தணிந்துவிட்டதாகச் சொல்லியும் இரண்டு பேரையும் படகில் ஏற்றிவிட்டேன். ரிட்டையர்டு ஆனாலும் கண்டக்டர் கண்டக்டர்தானே, இருவர் சீட்டைத் துண்டு போட்டுப் பிடித்து அவர்களை உட்கார வைத்தேன். மகள் எழுந்து போய் அம்மாவை அங்கே அனுப்பிவிட்டாள். உங்கள் தங்கைக்குப் படகு ஆட ஆடக் குமட்டிக்கொண்டு வந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் மாப்பிள்ளையின் புதுச் சட்டைமேல் வாந்தி எடுத்துவிட்டாள். அதற்கும் அவர் "ம்" என்றார். கலங்கரை விளக்கத்தில் அவர் ஏறினால் இவள் இறங்குகிறாள். ஆமைத் தொட்டியருகே வழிகாட்டி, ஆமை ரொம்ப காலம் உயிர் வாழும் என்றதும் இவள், "வாயவே திறக்கலன்னா ஏன் வாழாது?" என்று உரக்கச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் ஆமையை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. திட்டுவதும் ஒரு வகையில் பேச்சுதானே?

கடைசியாகத் தீவின் மறுகரையில், தென்னைகள் நிற்கும் வெள்ளை மணலில் இறக்கிவிட்டார்கள். திரும்பும் நேரத்தில் படகோட்டி கூப்பிடக் கூப்பிட ஒருத்தரும் அசையவில்லை. மனசு கேட்காமல் என் பழைய விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினேன். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று ஏற்றினேன். படகில் படி கிடையாது, இருந்தாலும் ஏறினார்கள். "அண்ணே, நீங்க தினமும் வாங்கண்ணே" என்று படகோட்டி சொன்னாரா, எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் படகில் வந்த பயணிகளின் தலைகளை எண்ணினேன், சரியாக இருந்தது. இரண்டு விசில் கொடுத்தேன். இத்தனை வருஷமாக இரண்டு விசில் என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்? அந்த மனுஷரும் பஸ்ஸில் போனவர்தானே? கிளப்பிவிட்டார். பாதிக் கடல் வந்தபிறகு உங்கள் தங்கை, "ஏங்க, நம்ம பொண்ணு எங்கங்க?" என்றாள். நான் வழிகாட்டியையும் ஒரு போட்டோக்காரரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். தண்ணீர் வற்றுகிறது, படகு தரை தட்டிவிடும், அடுத்த படகில் வருவார்கள் என்று சொல்லிவிட்டார்.

படகுத்துறையில் நாங்கள் காத்திருந்த நேரத்தில் உங்கள் தங்கை என்னைப் பேசிய பேச்சை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொடமாட்டார். பொழுது சாயும்போது இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் வெயிலில் கன்றியிருந்தது. ஒரு வார்த்தை இல்லை. அவர் எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். இவள் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினாள். "ஒட்ட வைக்கிறேன்னு கூட்டிட்டுப் போயி ஒரேயடியா அறுத்து விட்டுட்டீங்களே" என்றாள் உங்கள் தங்கை. அதுதான் அவள் கடைசியாக என்னிடம் பேசியது.

ஆனால் மைத்துனரே, படகைவிட்டு இறங்கியபோது மகள் தலையில் மாப்பிள்ளையின் தொப்பி இருந்தது. நானே பார்த்தேன். அதை வைத்துக்கொண்டுதான் இந்த அற்ப மனசு இன்னும் நம்புகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், குறுக்கே நிற்கமாட்டேன். காரில் ஏற்றும் முன் அவளிடம் ஒரே ஒரு தடவை, "நிஜமாவே வர்றியாம்மா?" என்று கேளுங்கள். என் பெண்ணுக்காக இதைச் செய்யுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் குறைவில்லாமல் வாழட்டும்.

தங்களிடம் பாசமும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயமும் உள்ள,
தங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புச் சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அந்த மணலில் உட்கார்ந்து பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டதாம். பெட்டி கட்டத்தான் கதவைச் சாத்தினாளாம். மாப்பிள்ளை இப்போது வாசலில் ஆட்டோவோடு நிற்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வாருங்கள். "அது சரிம்மா, படகு கிளம்பறப்ப ஒரு குரல் குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். "அவர் கத்தத்தான்பா வாயத் திறந்தாரு. நான்தான் பொத்திட்டேன்" என்கிறாள்.