டி.என்.ஏ. கோலாட்டம்

குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். என் குடம் தான் ஆடியதோடு நிற்காமல் எட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஆட்டிவைத்தது.

உயிரியலில் பட்டம் வாங்கிய புதிது. (வேலை கிடைக்கவில்லை. பட்டம் கிடைத்ததை அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால் வீட்டில் சும்மா உட்காரவும் முடியவில்லை.) எங்கள் ஊர் ரெம்பியாவின் கோயில் மண்டபத்தில், ஐந்தாம் படிவத்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் டியூஷன் நடத்த ஆசைப்பட்டேன். பெற்றோரில் பாதிப்பேர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை டவுனுக்கு ஏற்றிப்போய் வர நேரமில்லாதவர்கள். கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் ஒரே நிபந்தனை போட்டார். பெற்றோரைக் கூட்டுவார். என் பாடம் அவர்களுக்குப் பிடித்தால் மண்டபம் எனக்கு. பிடிக்காவிட்டால் வழக்கம்போல் பூட்டு.

பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நானோ பின்னல் கோலாட்டம் என்றேன். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து எட்டுத் துணிப்பட்டைகள், பிள்ளைக்கு ஒன்றாகப் பிடித்துச் சுற்ற. சிவப்பு நான்கும் டி.என்.ஏ.வின் ஓர் இழை, மஞ்சள் நான்கும் மற்றோர் இழை. பிள்ளைகள் கழுத்தில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்று அட்டைகள். அடினினும் தைமினும் சந்தித்தால் கோலில் இரண்டு தட்டு, குவானினும் சைட்டோசினும் சந்தித்தால் மூன்று தட்டு. ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் கணக்கு அது. (இது தோன்றிய அன்று எனக்கு நானே நுரை பொங்க ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.) கடைசியில் இழைகள் பிரியும். ஆர்.என்.ஏ.வின் யுராசிலாக ஷாலினி என்ற மாணவி உள்ளே வந்து, தைமினுக்குப் பதிலாக அடினினோடு சேர்வாள்.

ஒத்திகை பிரமாதமாக வந்தது. ஒத்திகையில் துணி இல்லை. ஷாலினியின் அம்மா தன் சேலைகளைக் கிழித்து ஓரம் தைத்து முடித்ததே அன்று காலையில்தான்.

மணல் நிரப்பிய பெயிண்ட் டின்னில் கம்பம் தள்ளாடியதால் அதை நானே கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதனால் சிவப்பை வலப்பக்கமும் மஞ்சளை இடப்பக்கமும் சுற்றவிட்டேன். முதல் பின்னல் கம்பத்தின் உச்சியில் அழகாக விழுந்தது. அடுத்தது என் நெற்றியில் விழுந்தது. பாட்டு முடிவதற்குள் தோள், கை, இடுப்பு என்று இறங்கிவிட்டது.

இழைகள் பிரியவேண்டிய கட்டம் வந்தது. பிள்ளைகள் இழுக்க இழுக்க எனக்குத்தான் கட்டு இறுகி மூச்சு முட்டியது.

“சார், நான் எப்ப உள்ள வரணும்?” என்றாள் ஷாலினி.

“இரும்மா, பிரியட்டும்.”

முனியாண்டி அண்ணன் தேங்காய் வெட்டும் பாராங் கத்தியோடு ஓடிவந்தார். அம்மா சேலையை வெட்டக்கூடாது என்று ஷாலினி குறுக்கே நின்றாள். பெற்றோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மண்டபம் கைவிட்டுப் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட கை இல்லை.

அந்த நேரம் பார்த்து ஷாலினி கேட்டாள்: “உண்மையான டி.என்.ஏ. இப்படிச் சிக்கிக்கிட்டா அது எப்படி சார் பிரியும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்த்திசை என்பது ஓர் இழையின் தலைப்பக்கம் மற்றதன் வால் இருப்பது. சுற்றுவதோ இரண்டும் ஒரே பக்கமாகத்தான். அதனால்தான் அது சுருளாக நிற்கிறது, நான் செய்ததுபோல் சடையாவதில்லை. வாய் மட்டும் கட்டப்படாமல் இருந்ததால் இதையெல்லாம் கம்பத்தில் இருந்தபடியே விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வந்த வழியே பின்னால் நடந்து என்னை அவிழ்த்தார்கள்.

மறுபடி ஆடினோம். (இந்த முறை டின்னை அண்ணன் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்.) சிவப்பும் மஞ்சளும் ஜோடி ஜோடியாக ஒரே பக்கம் சுற்றின, சொன்னபடி பிரிந்தன. ஷாலினி ஒருவழியாக உள்ளே வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். “கட்டிப்போட்டாலும் இந்த ஆளு வாய் நிக்கல லா. எம்புள்ளைய அனுப்புறேன்.”

மற்றவர்களும் அனுப்பினார்கள். அந்த வகுப்பு இன்றும் நடக்கிறது. ஷாலினி இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள்.

சில ஆண்டுகள் கழித்து என் கல்யாணம். பெண்ணுக்குக் கோலா சுங்கை பாரு ஊர், இந்தக் கதையே தெரியாது. தாலி கட்டி முடித்து, அக்கினியைச் சுற்ற நாங்கள் எழுந்ததும் பின்வரிசையிலிருந்து என் பழைய மாணவர்களின் குரல் வந்தது.

“சார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் சுத்துங்க லா.”

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என்ன விஷயம் என்று மனைவி காதோரம் கேட்டாள். சுற்றி முடிப்பதற்குள் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். இன்றும் எங்களுக்குள் சண்டை வந்தால், கோபம் முதலில் இறங்கியவர் “சார், ஒரே பக்கம்” என்று சொல்லவேண்டும். பெரும்பாலும் அவள்தான் சொல்கிறாள்.