பதினோரு பேருக்கு ஒரு டிராகன்

சிங்கப்பூரில் அரக்கர்களுக்காக மனதார வருத்தப்பட்ட ஒரே மனிதர் டிராகன் அண்ணன்தான் என்று எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஞானஸ்நானத்தில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருப்பார்கள். எங்களில் யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

வாரநாள்களில் அவர் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். சனிக்கிழமை மத்தியானம் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில், அவர்தான் டிராகன், அவர்தான் பூதம், அவர்தான் பாலத்துக்கு அடியில் வரி கேட்கும் ராட்சசன். யாரோ ஒரு கப்பல் இன்ஜினியர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்ட விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வீரனாகவோ மந்திரவாதியாகவோ தங்களை நினைத்துக்கொண்டு, முறை வரும்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பல முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

ஐந்தாறு பேர் இருந்தால் சுகம் என்று புத்தகம் சொன்னது. நாங்கள் பதினோரு பேர்.

அதற்குக் காரணம் ஃபாதர். அண்ணன் அறை கேட்டுப் போனபோது அவர், "இதுல பிசாசு வருமா?" என்று கேட்டாராம்.

"வரும், ஃபாதர். ஆனா எப்பவும் தோத்துடும்."

ஃபாதருக்குத் திருப்தி. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோயில் பங்கைச் சேர்ந்த இளையர்களுக்கான அறை அது, யார் வந்தாலும் இடமில்லை என்று சொல்லக்கூடாது. அப்படித்தான் கோயிலைச் சேராத நானும், வகுப்புத் தோழி ஸ்டெல்லாவோடு ஆங் மோ கியோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மேசையின் கடைசி நாற்காலியில் பதினோராவது ஆளாக உட்கார்ந்தேன்.

நான் போன முதல் வாரம் அண்ணன் ஒரு டிராகனைக் கொண்டுவந்தார். அதன் குகை, அதன் கோபம், காலையில் அது என்ன தின்னும் என்பதுவரை நோட்டில் எழுதியிருந்தார். டிராகன் வாயைத் திறந்தது. ஆறு பேர் அடிப்பதற்குள் செத்துப்போனது.

"ஒரு வார்த்தை பேச விட்டீங்களாடா?" என்றார் அண்ணன். "முட்டையிலேர்ந்து வளர்த்தேன்."

என் முறை வந்தபோது அங்கே பிணம்தான் கிடந்தது.

அடுத்த வாரம் வேறொரு டிராகன், மூன்று மடங்கு பலத்தோடு. ஒருதடவை மூச்சு விட்டது, மூன்று பேர் காலி. அதில் ஒருவன் அந்தோணி. தேசிய சேவையில் இருந்த ஆறடி ஆள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "ஆர்மியில கூட நான் இவ்ளோ சீக்கிரம் சாகல, அண்ணே," என்றான். மிச்சப் பேர் டிராகனை முடித்துவிட்டார்கள். அன்றைக்கும் பகடை என் கைக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்க்கப்போகிற முதல் ஆள் நான். அதனால் என் சனிக்கிழமைகளை அப்பா கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு என்ன செஞ்சே?"

"ஒக்காந்திருந்தேன்."

"அதுக்கு நம்ம வீட்லயே நாற்காலி இருக்கே. இன்னும் ரெண்டு சனிக்கிழமை பாரு. இப்படியேதான்னா அத்தைகிட்ட தையல் கத்துக்கப் போயிடு."

எனக்கு அந்த அறை வேண்டும். பாடப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்விகளை அங்கேதான் கேட்டார்கள்.

மூன்றாவது வாரம் இன்னொரு டிராகனும் என் முறைக்கு முன்னால் செத்தது. எல்லாரும் கிளம்பிய பிறகு அண்ணன் நோட்டை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் நேராகப் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, அதுக்குப் பலம் பத்தாம இல்ல. அது ஒருதடவை கை ஓங்குறதுக்குள்ள நாங்க பதினோரு தடவை ஓங்குறோம். அதுக்கு முறைதான் பத்தல."

"பத்துத் தலை வச்சா?"

"தலை எத்தனை இருந்தாலும் முறை ஒன்னுதானே?"

நோட்டை மூடினார். "அப்ப எனக்கும் ஆள் வேணும்னு சொல்றே."

"ஆமா. இன்னொன்னு, அண்ணே. அடுத்த வாரமும் நான் பகடை போடலன்னா, அதுக்கப்புறம் வரமாட்டேன்."

கோயில் திருவிழாச் சாப்பாட்டில் பந்தி விசாரிப்பது அவர் பொறுப்பு. இலையில் உட்கார்ந்த ஆள் பசியோடு எழுந்துவிட்டதைப் போல அவர் முகம் போனது.

நான்காவது வாரம் மேசையில் ஒரு கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து நாற்பது வறுத்த கடலைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் ஓர் எலி அரக்கன் என்றார். ஆரம்பித்த வேகத்தில் அந்தோணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய், அது இன்னும் சாகலடா."

"இப்ப செத்துருச்சு, அண்ணே."

மிச்சம் முப்பத்தொன்பதையும் அண்ணன் ஒவ்வொன்றாக நகர்த்தினார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பகடை போட்டார். இரண்டு பேர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். "இன்னுமா எலி ஓடுது?" என்றார்கள். இருபத்தாறாவது எலி அப்போதுதான் கிளம்பியிருந்தது. ஸ்டெல்லா கொட்டாவி விட்டாள். அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் எழுந்து நின்றார். திருவிழா அன்று கூடத்தைப் பார்க்கிற மாதிரி மேசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார்.

"எல்லாரையும் ஒரே நேரத்துல ஒக்கார வச்சா எப்படி லா பரிமாறுறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதற்குள் செத்தது போக மிச்சமிருந்த முப்பது கடலைகளையும் வாரிப் பத்துப் பத்தாகப் பிரித்தார். ஒரு பந்திக்கு ஒரே பகடை. முதல் பந்தி, கதையில் நாங்கள் ஒளிந்திருந்த வீட்டின் வாசலில், அந்தோணி பக்கம். இரண்டாம் பந்தி ஜன்னல் வழியாக. எல்லாரும் அவரவர் இடத்தில் மாட்டிக்கொண்ட பிறகு, மூன்றாம் பந்தி பின்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. அங்கே இருந்தது நானும் ஸ்டெல்லாவும்தான். முதல் அடியிலேயே ஸ்டெல்லாவின் வீரன் விழுந்தான்.

"நான் வரேன், பொறு," என்றான் அந்தோணி.

"நீ வாசலை விட்டா அந்தப் பத்தும் உள்ள வந்துரும்," என்றார் அண்ணன். பிறகு பகடையை என் முன்னால் வைத்தார். "இப்ப நீ என்ன செய்யப் போறே?"

பத்து எலிகள். என் மந்திரவாதியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு மந்திரம். எலிகளின் மேல் நெருப்பைப் போடலாம், ஆனால் பக்கத்தில் ஸ்டெல்லாவின் வீரன் கிடக்கிறான். அவனை இழுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் மற்றவர்களின் முதுகு எலிகளுக்குத் திறந்துவிடும். மேசையைச் சுற்றியிருந்த மற்றப் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். பாடற்குழு பயிற்சிக்கு வந்துவிட்டது. பாட்டுப் புத்தகங்களும் ஆர்மோனியமுமாக, பாட்டு வாத்தியார் தலைமையில் இருபது பேர். அறை இனி அவர்களுக்கு. ஒருதடவைகூட நேரம் தாண்டாதவர் அண்ணன். இப்போது போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, மணியாச்சே," என்றார் வாத்தியார்.

"மன்னிச்சுக்குங்க சார். கொஞ்சம் பொறுங்க," என்றார் டிராகன் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "உள்ள ஒரு பொண்ணு யோசிச்சிட்டு இருக்கு."

என் யோசனைக்காக ஒருவர் மற்றவர்களைக் காக்க வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. ஆனாலும், அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதற்காகவே, இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.