டென்மார்க் போகாத அட்மிரல்

மொன்றியல் தமிழரில் அட்மிரல் பட்டம் பெற்றவர் ஒருவர்தான். அவருக்கு நீந்தத் தெரியாது. அக்கரையிலுள்ள லொங்குய்ய்க்குப் போக ஆற்றின் அடியால் ஓடும் மெட்ரோவில் ஏறினாலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் எங்கள் பகுதியான கோட்-டெ-நெய்ஜில் அட்மிரல் வீடு எது என்று கேட்டால், மூலைக்கடை வியட்நாம்காரர்கூடக் கையை நீட்டிக் காட்டுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருடைய மனைவி ரீற்றாவே ஒரு கணம் யோசிப்பாள்.

பட்டத்துக்குக் காரணம் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு டேனிஷ் கடற்படைத் தளபதி. இலங்கையில் போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் நம்மவர் திருகோணமலையிலிருந்து டென்மார்க் போவதற்கு வெளிக்கிட்டவர். அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவரைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்காகக் காக்க வைத்தான். ஏன் டென்மார்க்குக்கு வந்தாய் என்று அங்கே கேட்பார்கள், ஒரு பதில் வேண்டும் என்று நினைத்து நூலகம் நூலகமாகத் தேடினார். கிடைத்தது ஒரு பழைய புத்தகத்தில் இந்தத் தளபதியின் வரலாறு மட்டும்தான். அதை மனப்பாடம் செய்தார். செய்து முடித்த கிழமை ஏஜென்சிக்காரன் வந்து, "டென்மார்க் பாதையைப் பூட்டிட்டாங்கள். கனடாவும் குளிர்தானே" என்று ஆறுதல் சொல்லி மொன்றியல் விமானத்தில் ஏற்றிவிட்டான். இங்கே டென்மார்க்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, படித்த பாடத்தை அவர் ஒப்புவிக்கத் தொடங்கினார். இன்னும் நிறுத்தவில்லை.

அந்தப் பாடத்தால் அவருடைய மகள் அனிற்றாவின் கல்யாணம் குழம்பிவிடும் என்று ரீற்றா பயந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பயம் நியாயமானதுதான் என்பதற்கு முதலில் சில சான்றுகள்.

அவர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை செய்தார். சத்திரசிகிச்சைக்குப் போகும் நோயாளி மல்லாந்து கிடப்பவன். எழுந்து ஓட முடியாது. நீண்ட நிலக்கீழ்ப் பாதையில் கட்டில் போகப் போகக் கப்பலும் போகும். தளபதி ஆபிரிக்காவின் தென்முனையைத் தாண்டும்போது லிப்ட் வந்துவிடும். மயக்க மருந்து டொக்டருக்கு அதன்பிறகு அதிக வேலை இருப்பதில்லை என்று தாதிமார் சொல்லிச் சிரிப்பார்களாம். ஒருமுறை டேனிஷ் பெயரோடு ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். அட்மிரல் அவரைச் சுற்றுவழியால் தள்ளிப்போய் இலங்கைக் கரைவரை பிரெஞ்சில் சொன்னார். கிழவர் அதுவரை கேட்டுவிட்டு, தன்னுடைய பூட்டனார்கூட கியூபெக்கில் பிறந்தவர், தனக்கு மூத்திரம் பெய்யவேண்டும் என்றார்.

செத்தவீட்டில் இரங்கலுரை கேட்டால், "காலமான அண்ணரும் கடல் கடந்தவர், அதேபோல" என்று தொடங்குவார். ஒரு பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்தில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். கேக்கின் மேலிருந்த கிறீம் வழிந்து தட்டில் குளமாக நிற்க, தளபதி இலங்கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் நன்றியுரை சொன்ன அன்று வாயிற்காவலர் பொறுமையிழந்து விளக்கை அணைத்தார். இருட்டுக்குள்ளும் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

நான் அரசாங்கக் கந்தோரில் விதிகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி விடயமாக 'வேறு விடயங்கள்' என்று போடுவது வழக்கம். அட்மிரல் அதற்காகவே வருகிறார் என்று கண்டதும் சங்க விதிக்கோவையான யாப்பின்படி பிரேரணை கொண்டுவந்து அதை நீக்கினேன். அடுத்த கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கையில் திருத்தம் உண்டா என்று கேட்டேன். அட்மிரல் எழுந்தார்.

"ஓம் அண்ணை, ஒரு திருத்தம். போன கூட்டத்திலை தளபதியைப் பற்றி நான் கதைக்கேல்லை. அது அறிக்கையிலை இல்லை."

"கதைக்காததை அறிக்கையில் போடுவதில்லை."

"அப்ப இண்டைக்குக் கதைக்கிறன், போடுங்கோ."

இத்தனை வருடத்திலும் ஒருவரும் அவரைத் திருகோணமலைக்கு அப்பால் போகவிட்டதில்லை. தளபதி இலங்கைக் கரையைத் தொட்டதும் எங்களில் யாராவது கதிரையை இழுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

போன மார்கழியில் ரீற்றா என் வீட்டுக்கு வந்தாள். அனிற்றா ஒரு பெடியனை விரும்புகிறாள், நல்ல பெடியன், தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆட்கள், கதைக்க வருகினம் என்றாள். நல்லதுதானே என்றேன்.

"அண்ணை, அவை இருக்கிறது டென்மார்க்கிலை."

நான் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"நீங்கள் வந்து இவருக்குப் பக்கத்திலை இருக்கவேணும். இவர் வாயைத் திறந்தால் அவை பிளேனைப் பிடிச்சிடுவினம். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள் அண்ணை, இது சரிவராட்டில் அவள் என்னோடை கதைக்கமாட்டாள்."

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பெடியனும் தாய் தகப்பனும் அட்மிரல் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் நெற்றியில் திருநீறு, மடிப்புக் குலையாத சேட். தாய் மெலிந்த மனுசி, டென்மார்க்கில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. அட்மிரல் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, முதல்நாள் பாடசாலைக்கு வந்த பிள்ளைபோல கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ரீற்றா மாதா சுரூபத்தின் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"பிளேன் பயணம் எப்பிடி?" என்று கேட்டார் அட்மிரல்.

"கொப்பன்ஹேகனிலை ரெண்டு மணித்தியாலம் பிந்திப்போச்சு" என்றார் தகப்பன்.

அட்மிரல் கதிரையின் நுனிக்கு வந்தார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். தேத்தண்ணி வந்தது. அதோடு வந்த பிஸ்கட் பேணியில் டேனிஷ் கொடி. யார் வாங்கியது என்று ரீற்றா கண்ணால் கேட்டாள். அனிற்றா கூரையைப் பார்த்தாள்.

ஆனால் பேச்சு முறிந்தது தளபதியால் அல்ல. கல்யாணம் எங்கே என்று தொடங்கியதும் ரீற்றா, "எங்கடை கோயில்லைதான், பாதர் ஞானஸ்நானம் குடுத்த பிள்ளை" என்றாள். தகப்பன் கோப்பையை வைத்தார்.

"எங்களுக்கு ஒரே பெடியன். ஐயர் வேணும், ஓமம் வேணும். நாங்கள் அங்கை கட்டின பிள்ளையார் கோயிலிலைதான் தாலி கட்டவேணும். இதிலை விட்டுக்குடுக்க ஏலாது."

"எங்களுக்கும் ஒரே பிள்ளைதான்" என்றாள் ரீற்றா.

"அம்மா, சில் து ப்ளே" என்றாள் அனிற்றா. தயவுசெய்து என்று கெஞ்சும்போது அவளுக்கு எப்போதும் பிரெஞ்சுதான் வரும். பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நாங்கள் யோசிச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்று தகப்பன் எழுந்தார். எங்கள் ஆட்களின் நடைமுறையில் இதற்கு ஒரே பொருள்தான். அனிற்றா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆனால் மொன்றியலில் தை மாதத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறுவது சுலபமான காரியம் அல்ல. முதலில் பனிச்சப்பாத்தைத் தேட வேண்டும். பிறகு இருந்து அதை இழுத்துப்போட வேண்டும், நாடா கட்ட வேண்டும், சால்வை, கோட்டு, தொப்பி, கையுறை. வாசலில் ஒரு சின்ன வாங்கில் குந்தி, மூச்சு வாங்க, தகப்பன் ஒரு சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அட்மிரல் என்னைப் பார்த்தார். "அண்ணை, இப்ப கதைக்கலாமோ?"

நான் ரீற்றாவைப் பார்த்தேன். அவள் சாத்திய கதவைப் பார்த்தபடி தலையை மெல்ல அசைத்தாள். இனிக் கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொருள்.

"சபை அனுமதிக்கிறது" என்றேன்.

"உங்கடை நாட்டிலை இருந்து ஒருத்தன் எங்கடை ஊருக்கு வந்தவன்" என்று தொடங்கினார். "இருவத்தி நாலு வயசு. எங்கடை பெடியளைப் போலத்தான், ஏஜென்சியை நம்பி வெளிக்கிட்டவன். கண்டி ராசா உங்களுக்கு இடம் தருவார், எல்லாம் தருவார் எண்டு ஒரு ஏஜென்சிக்காரன் டென்மார்க் ராசாவிட்டைச் சொல்லிப்போட்டான். கப்பல்களோடை வெளிக்கிட்டாங்கள். வழியிலை பாதிச் சனம் நோய் வருத்தத்திலை செத்துப்போச்சு. அந்த ஏஜென்சிக்காரனும் செத்துப்போனான். வந்து இறங்கினால், நான் அவனை அனுப்பேல்லை எண்டு கண்டி ராசா சொல்லிப்போட்டார்."

தகப்பன் நாடாவைக் கட்டினார். நான் கதிரையை இழுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் அந்தத் தாய், ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றபடி, இந்த நகரத்தில் ஒருவரும் அட்மிரலிடம் சொல்லியிராத அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பேந்து?"

பிறகு என்ன என்று ஒருவர் கேட்டதும் அட்மிரல் தடுமாறினார். இந்த இடத்துக்கு மேல் அவர் வாய்விட்டுச் சொன்ன பழக்கமே இல்லை.

"பேந்து... திருகோணமலையிலை கோட்டை கட்டப் பாத்தான், சரிவரேல்லை. அவன் கடலாலை தரங்கம்பாடிக்குப் போனான். தஞ்சாவூர் நாயக்கர் இடம் குடுத்தார். ஒப்பந்தம் எழுதினாங்கள். அதிலை ஒரு கதை இருக்கு, அம்மா. உங்கடை இடத்துக்குள்ளை நீங்கள் உங்கடை வேதத்தை ஓதுங்கோ, எங்களுக்குப் பிரச்சினை இல்லை எண்டு நாயக்கர் விட்டவர். அவர் கிறிஸ்து வேதத்துக்கு மாறேல்லை. இவனும் சைவத்துக்கு மாறேல்லை. கோட்டைக்குள்ளை அவங்கள் செபம் சொன்னாங்கள், வெளியிலை கோயில் மணி அடிச்சது. இங்கை பாதர் மோதிரம் மாத்தி வைக்கட்டும். அங்கை ஐயர் தாலி எடுத்துக் குடுக்கட்டும். நாயக்கருக்கு வராத குறை எங்களுக்கு என்ன வரப்போகுது?"

அந்த அம்மா மெதுவாகக் கோட்டைக் கழற்றினார்.

"முப்பது வருசமா அங்கை எங்களைக் கேக்கிறாங்கள், ஏன் இங்கை வந்தனீங்கள் எண்டு. பஸ்சிலை கேக்கிறாங்கள், வேலையிலை கேக்கிறாங்கள். நான் தூக்கி இருத்திற கிழவியளும் கேக்கிறாளவை. முதல் வந்தது அவங்கள் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." பிறகு கணவரைப் பார்த்து, "சப்பாத்தைக் கழட்டுங்கோ. நிலமெல்லாம் தண்ணி" என்றார்.

தகப்பன் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் ஈரக் காலுறையுமாக யோசித்தார். "தாலி எங்கடை கோயில்லைதானே?"

"ஓம்" என்றாள் ரீற்றா.

"அப்ப சரி."

நான் அதைப் பிரேரணையாக எடுத்து, அந்த அம்மாவை வழிமொழியச் சொல்லி, ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தேன். அனிற்றாவின் கதவு நான் சொல்லி முடிக்குமுன் திறந்தது. ஒட்டுக்கேட்டிருக்கிறாள்.

கதை அதோடு நிற்கவில்லை. அந்த அம்மா பேந்து, பேந்து என்று கேட்கக் கேட்க, தளபதி ஊர் திரும்பினான், நோர்வேயில் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பொறுப்பானான், அட்மிரல் ஆனான், சண்டையில் காயப்பட்டான், கிழவயதில் நோயாளியாகச் சுவீடன்காரரிடம் கைதியானான். முடிவை நானும் அன்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். நாயக்கர் விட்டுக்கொடுத்தது உண்மைதான். முதல் வந்தது நீங்கள்தான் என்று பஸ்சில் யாரோடும் சண்டை பிடிக்க வேண்டாம் என்று அந்த அம்மாவுக்கு மட்டும் சொல்லி வைத்தேன்.

மோதிரம் மாற்றியாகிவிட்டது. போன கிழமை தாலிகட்டுக்காக அட்மிரலை விமான நிலையத்தில் இறக்கினேன். ஏஜென்சிக்காரன் வாக்குக் கொடுத்த நாட்டுக்கு இப்போதுதான் போகிறார். கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஏன் வந்தனீ எண்டு கேப்பாங்கள்."

"மகளின் கல்யாணம் எண்டு சொல்லுங்கோ. அதோடை நிப்பாட்டுங்கோ."

"ஓம் அண்ணை" என்றார். நான் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை.

இந்த மாதக் கூட்டம் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. சங்கத்தின் வரலாற்றில் இது முதல் தடவை. எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு, போவதற்கு மனமில்லாமல் கொஞ்சநேரம் நின்றோம். நேற்று அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தேன். அதற்குள் அவர் வந்துவிடுவார். கடைசி வரியில் 'வேறு விடயங்கள்' என்று சேர்த்திருக்கிறேன். நேர எல்லை போடவில்லை.