திருவள்ளூர் பக்கம் திரும்பிய ஆண்டெனா

என் மனைவி ஞானகுமாரி இனி வியாழக்கிழமைத் தொடரைப் பார்க்கக் கூடாது என்று முடிவு எடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் சொந்தமாக எடுத்த நாலாவது முடிவு இது. முதல் மூன்றும் என்ன ஆயின என்று கேட்காதீர்கள்.

முடிவை அவளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்கிற அளவுக்கு நான் வீரன் இல்லை.

இது தொண்ணூற்று நாலாம் வருஷம் நடந்தது. அந்தத் தொடரில் ஒரு காலனி, ஆறு வீடு. மொத்தம் பதின்மூன்று வாரம். ஐந்து வீட்டில் வழக்கமான அழுகை, வழக்கமான மாமியார். மூன்றாம் நம்பர் வீட்டில் மட்டும் இரண்டு ஆண்கள். ஒருவர் வங்கிக் குமாஸ்தா, மற்றவர் வயலின் வாத்தியார். இருவருக்கும் காதோரம் நரை. அண்ணன் தம்பி இல்லை. பின்னே யார் என்று தொடரில் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள் பாட்டுக்குச் சமைத்தார்கள், உப்புக்குச் சண்டை போட்டார்கள், துணி காயப்போட்டார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆவடியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணி ரிட்டயர் ஆனவன். எண்ணத் தெரியும். முதல் நாலு வாரத்தில் வாத்தியார் குமாஸ்தாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தது ஒன்பது தடவை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டது பூஜ்யம்.

அங்கேதான் எனக்கு என் மச்சினன் ஞாபகம் வந்தது.

ஞானகுமாரியின் தம்பி பாஸ்கலும் அவன் சிநேகிதர் கஜபதியும் கொரட்டூரில் ஒரே வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் ரயிலேறி, ஆவடி பக்கம் சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கஜபதி வஞ்சிரம் வறுப்பார். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் கேரம் ஆடுவோம். நான் கூச்சக்காரன். வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நாள்தான். கஜபதியும் பாஸ்கலிடம் சர்க்கரை கேட்டதில்லை. எனக்கு விஷயம் புரிந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஞானகுமாரியோ மாதா கோயிலில் ஒரு பூசை விடாதவள். ஒரு பிரசங்கத்தில் எத்தனை கொட்டாவி விட்டேன் என்று எனக்கே கணக்கு சொல்பவள். தொடரைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டால்? தம்பியை வாசலோடு நிறுத்திவிட்டால்? அவர்கள் இரண்டு பேரும் வேறு எந்த வீட்டுக்குப் போய் உட்காருவார்கள்?

ஐந்தாவது வியாழன், ஏழு இருபத்தைந்துக்கு எழுந்தேன்.

"படம் சரியில்ல. மேல போய் ஆண்டெனாவைப் பார்த்துட்டு வரேன்."

"நல்லாத்தானே கீது?"

"உனக்குத் தெரியாது. ஓரமா நெளியுது."

மொட்டைமாடிக்குப் போய்ச் சென்னையைப் பார்த்திருந்த ஆண்டெனாவைத் திருவள்ளூர் பக்கம் திருப்பினேன். கீழே சத்தம் உடனே வந்தது.

"இன்னாங்க, சுத்தமா போச்சு."

"இப்ப?"

"ஒரே புள்ளி."

"இப்ப?"

"இப்பவும் புள்ளி."

அரைமணி நேரம் இப்படியே போக்கினேன். கையில் கடிகாரம். சரியாக எட்டு மணிக்கு மறுபடி சென்னைப் பக்கம் திருப்பினேன். படம் வந்தது, தொடர் போய்விட்டது. ஒரு திட்டம் கைகூடினால் மனுஷனுக்கு இவ்வளவு நிம்மதியா? அன்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆறாவது வாரமும் அப்படியே. ஏழாவது வாரத்திலிருந்து இன்னும் சுலபமாகிவிட்டது. ஞானகுமாரியே ஏழு இருபதுக்கு, "மேல போங்க, போன வாரம் மாதிரி போயிடப் போவுது" என்று என்னை அனுப்பிவைத்தாள். எட்டு மணிக்கு, "வந்துடுச்சு. அங்கயே ரெண்டு நிமிஷம் புடிச்சிகினு இருங்க, உட்டா போயிடும்" என்பாள். நானும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நூற்றிருபது எண்ணிவிட்டு இறங்குவேன். எவ்வளவு அப்பாவி என்று பாவமாக இருக்கும்.

பன்னிரண்டாவது வியாழன். மூன்று நாள் மழைக்குப் பிறகு வெறித்திருந்தது. மாடிக்குப் போய்க் கம்பத்தைப் பிடித்துத் திருப்பினேன். அடியில் துருப்பிடித்திருந்தது போலிருக்கிறது. ஆண்டெனா பெரிய மீன்முள் மாதிரி முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. ஒயர் அறுந்து காலடியில் தொங்கியது.

கீழேயிருந்து குரல்.

"இன்னும் கொஞ்சம் வலதுபக்கம்."

நான் கையிலிருந்த ஆண்டெனாவைப் பார்த்தேன்.

"இப்ப?" என்றேன், சும்மா.

"புள்ளி புள்ளியா வருது. திருப்புங்க."

ஆண்டெனாவைத் தரையில் படுக்க வைத்தேன். "இப்ப?"

"இப்ப பரவால்ல. ஆனா முகம் தெரியல. உடாம திருப்புங்க."

அந்த முகம் தெரியாத டிவியிலிருந்து வயலின் சத்தம் கணீரென்று மாடிவரை கேட்டது.

ஆண்டெனாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினேன். கூடத்தில் படம் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஞானகுமாரி தரையில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் பாஸ்கல். பக்கத்தில் கஜபதி. மூன்று டம்ளர் காபி.

பாஸ்கல் முகம் வெளுத்துப்போய் எழுந்தான். "நாங்க கெளம்பறோம் மாமா."

"உக்காருடா," என்றாள் ஞானகுமாரி. எழுந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். "ஆறு வாரமா நான்தான் வரச் சொன்னேன். நீங்க மேல போனதும் பின்பக்கமா வருவாங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல கெளம்பிடுவாங்க. கொரட்டூர்ல ஹவுஸ் ஓனர் ஊட்டுல பார்த்துகினு இருந்தாங்க. டிவியில அந்த ரெண்டு பேரு வந்தாலே ஓனரு இவங்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறாராம். எப்டி உக்காந்து பார்ப்பாங்க?"

"படம் எப்படி..."

"பூங்காவனம் ஊட்டுக் கேபிள்லேர்ந்து ஒரு ஒயர். பின்னாடி ஜன்னல் வழியா." பக்கத்து வீட்டு ஒயர் ஆறு வாரம் என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. ஸ்டோர் கீப்பர் கவனிக்கவில்லை.

"அப்ப என்னை ஏன் மேல அனுப்பின?"

"நீங்க இங்க உக்காந்து இதையும் இவங்களையும் சேர்த்துப் பார்த்தா புரிஞ்சிடுமே. எதையும் எண்ணாம உடமாட்டீங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "அவன் என் தம்பி. இவரு அவன் கூட இருக்கறவரு. உங்களுக்கு ஒப்பலைன்னா என்கிட்ட சொல்லுங்க. அவங்களைப் போன்னு மட்டும் சொல்லாதீங்க."

கஜபதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குச் சீக்கிரம் பேச வராது. ஆண்டெனாவைச் சுவரோரம் சாய்த்து, அது விழாது என்று பார்த்துக்கொண்டு, பிறகு சொன்னேன்.

"எனக்கு எட்டு வருஷமா தெரியும். உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஆண்டெனாவைத் திருப்பினேன்."

டிவியில் மாமியார் அழுதாள்.

"எனக்குப் பத்து வருஷமா தெரியும்," என்றாள் ஞானகுமாரி. "உங்களுக்கு எப்டி தெரிஞ்சுது?"

"கஜபதி இவனுக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டதே இல்ல. நீ என்கிட்ட தினமும் கேக்கற."

"உங்க நாக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு கேக்குது, ஒரு நாளைக்கு ஒண்ணரை. நான் இன்னா பண்ணட்டும்?"

பாஸ்கல்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். கஜபதி நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். "உக்காரு அண்ணாத்தே. அந்த ஈரத்துல இன்னாத்துக்கு அங்க போய் நின்ன."

உட்கார்ந்தேன். தோளிலிருந்து ஆண்டெனாவை விடப் பெரிய ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. ஆனாலும் எட்டு வாரமாக நெஞ்சில் கிடந்த ஒன்றைக் கேட்டாக வேண்டும்.

"அந்த ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? யாராவது ஏதாவது கேட்டாங்களா? காலனியில காலி பண்ணச் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல," என்றார் கஜபதி.

"வாத்தியாரோட அம்மா, அப்பா?"

"வந்தாங்க. சாப்ட்டாங்க. சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னாங்க. போய்ட்டாங்க."

"அப்புறம்?"

கஜபதி யோசித்தார். "போன வாரம் மிக்சி வாங்கினாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் அண்ணாத்தே."

எட்டு வாரம் மொட்டைமாடியில் நின்று, என் மனைவி கண்ணில் படாமல் நான் காப்பாற்றப் பார்த்தது ஒரு மிக்சியை.