கஜகஸ்தான்காரர் வைத்த கடற்பாசி சூப்

"ஐயா, இந்த வாரம் வகுப்பு வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான். நம்ம ஆளுங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை" என்றாள் சமையல் ஆசிரியை ஹேரிம். "நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

வாசலில் தோளில் தூண்டிலோடு நின்ற தல்சு யோசித்தார். தேகு நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவர். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் அடுத்த செவ்வாய் வரை அவரால் காத்திருக்க முடியாது. முந்தின நாள் விடுதி டிவியில், எப்போதோ மத்திய ஆசியாவுக்குப் போய்க் குடியேறிவிட்ட கொரியர்களைப் பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது.

"நான்... கஜகஸ்தான்" என்றார். "தாத்தா இங்கே. நான் அங்கே. பேச்சு... கொஞ்சம்."

"தூண்டில்?"

"கஜகஸ்தான் வழக்கம்."

ஹேரிம் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு ஏப்ரனை நீட்டினாள். தூண்டிலை வாசல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் அவர் மனைவி மல்சூனுக்கு அறுபதாவது பிறந்தநாள். கொரியாவில் கடற்பாசி சூப் குடிக்காத பிறந்தநாள் ஒரு பிறந்தநாளே இல்லை. போன வருடம் தல்சு அதை மறந்துவிட்டார். மல்சூன் சண்டை போடவில்லை. அன்று வெறும் வெந்நீரைக் குடித்தாள். போன மாதம்தான் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அறுபதுக்கு உங்க கையால ஒரு கிண்ணம் சூப் வரலேன்னா, நான் ஜேஜு தீவுக்கு எங்கம்மாகிட்டப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். இந்த ஜொன்ஜு நகருக்குச் சுற்றுலா வரும்போதே இரண்டு பைகள் எடுத்து வந்திருந்தாள். ஒன்றை இன்னும் திறக்கவே இல்லை. இங்கிருந்து மொக்போ துறைமுகத்துக்குப் போனால் ஜேஜுவுக்குக் கப்பல் இருக்கிறது என்பது தல்சுவுக்குத் தெரியும்.

"நீயே சொல்லிக் குடேன்" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தார்.

"சூப்பெல்லாம் சொல்லிக் குடுத்து வர்றதில்ல. அது கையில இருக்கணும்" என்று மல்சூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கையில் அது இருந்தது. முப்பது வருடமாக அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பட்டு மாதிரி ஒரு சூப் மேசைக்கு வரும். எதிர் வீட்டிலேயே இருந்த மாமியார்கூட, "என் பொண்ணு கைமணம் யாருக்கு வரும்" என்று சிரித்துச் சிரித்துப் புகழ்வார். அந்த மாமியார் இந்த வசந்தத்தில் மகனோடு ஜேஜுவுக்குப் போனதிலிருந்து மல்சூனுக்குச் சமையலில் மனசே ஒட்டவில்லை. அடுப்பு சரியாக எரியவில்லை என்று பாதி நாள் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துவிடுவாள். தாயைப் பிரிந்த ஏக்கம் என்று தல்சு நினைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவர் பிறந்தநாள் வேறு வருகிறது. இவள் ஜேஜுவுக்குப் போய்விட்டால் அந்தச் சூப்பும் கூடவே போய்விடும்.

நேற்று அவர் நிஜமாகவே மீன் பிடிக்கத்தான் போனார். சளிதான் பிடித்தது. திரும்பும் வழியில்தான் சந்துக்குள் இந்த வகுப்பின் பலகையைப் பார்த்தார். மல்சூன் வெந்நீர்க் குளியலகத்துக்குப் போயிருந்தாள். விரலெல்லாம் ஊறிச் சுருங்கி, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வாசனையோடு வந்தாள். இப்போதெல்லாம் அங்கே என்னென்னவோ தேய்த்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. "நேத்து அழுக்கு முழுசாப் போகல" என்று இன்று காலையும் துண்டோடு கிளம்பிவிட்டாள். தல்சுவுக்கு வசதியாகப் போயிற்று.

பக்கத்து அடுப்பில் நெட்டையாக ஒரு செக் நாட்டுப் பெண் நின்றிருந்தாள். பெயர் மார்கெத்தா. கொரிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் படித்தவளாம்.

"வணக்கம் ஐயா. தாங்கள் கஜகஸ்தானிலிருந்து வருகை தந்திருப்பதாக அறிந்து மகிழ்ச்சியுற்றேன். நான் அல்மாத்தி நகரில் ஈராண்டுகள் வசித்தேன். தாங்கள் எப்பகுதியில் வசிக்கிறீர்கள்?"

"பஸ் ஸ்டாண்டு... பக்கம்."

அவள் உற்சாகமாகி ரஷ்ய மொழியில் பொழிய ஆரம்பித்தாள். தல்சு தொண்டையைத் தொட்டுக் காட்டி இருமினார். நேற்றுப் பிடித்த சளி இன்றைக்கு உதவியது.

"ஒவ்வொரு அடுப்புக்குப் பக்கத்துலயும் காய்ஞ்ச கடற்பாசிப் பொட்டலம் இருக்கு. ஆளுக்கு ஒரு பிடி எடுத்துத் தண்ணில ஊறப் போடுங்க" என்றாள் ஹேரிம்.

தல்சு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் கறுப்பாக நாலு சுள்ளி. ஊதினால் பறந்துவிடும். அறுபது வயது மனைவியை ஜேஜுவுக்குப் போகாமல் நிறுத்த இந்தச் சுள்ளியா? வெளிநாட்டுக்காரன் என்றால் ஒரு பிடியில் ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கிறாள் இந்தப் பெண். எல்லா வெளிநாட்டுக்காரர்கள் சார்பிலும் அவருக்கு ரோஷம் வந்தது. பொட்டலத்தைக் கிழித்து முழுதையும் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீரை ஊற்றினார்.

அடுப்புக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய கொரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கஜகஸ்தான்காரர் அதைப் படிப்பது முறையில்லை என்று தல்சு கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

பூண்டு நறுக்கினார்கள். இறைச்சியைத் துண்டு போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் கிண்ணத்திலிருந்து பாசி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அதை உள்ளே அமுக்கினார். அது மறுபக்கம் எழுந்தது. பாதியை அள்ளி இறைச்சிப் பாத்திரத்தில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நிறைந்தது. மார்கெத்தா வெங்காயத்தாளைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் கிண்ணத்துக்குள் இரண்டு கை அள்ளிப் போட்டார். ஏப்ரன் பையில் கொஞ்சம் திணித்தார். தொடை வழியே தண்ணீர் இறங்கிச் செருப்புக்குள் போயிற்று.

"ஐயா" என்றாள் மார்கெத்தா வியப்போடு. "என்னுடைய கடற்பாசி பன்மடங்கு பெருகியுள்ளது. இது இயல்பானதா?"

"நல்ல... சகுனம்" என்றார் தல்சு.

மிச்சத்தைக் கழுவும் தொட்டியில் தள்ளிக் குழாயைத் திறந்துவிட்டார். கெட்ட வேலை. குழிக்குள் நெகிழ்ந்து இறங்கிய பாசி அங்கேயும் ஊதிக்கொண்டு நின்றுவிட்டது. தண்ணீர் ஏறி, விளிம்பில் தயங்கி, பிறகு தரைக்கு இறங்கி எல்லோர் காலையும் நனைத்தது.

பின்கட்டிலிருந்து பாத்திரம் கழுவுகிற அம்மாள் வந்தாள். அந்தத் தெருவே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடும். தொட்டியைப் பார்த்தாள். தல்சுவைப் பார்த்தாள்.

"மறுபடியுமா?" என்றாள்.

கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தயாராக வைத்திருந்தவள் போல உடனே இழுத்து வந்து நடுவில் போட்டாள். கழுவும் தொட்டியின் குழியில் கையை விட்டு, கூந்தல் கூந்தலாகப் பாசியை உருவி அதில் போட்டாள். பிறகு சுவரில் இருந்த தாளைத் தட்டினாள்.

"எழுதியே ஒட்டியிருக்கேன். யாரு படிக்கறாங்க?"

தல்சு ஓரக்கண்ணால் படித்தார். 'முழுப் பொட்டலத்தையும் கொட்டாதீங்க. கழுவறவளும் மனுஷிதான்.'

"அவருக்கு நம்ம எழுத்துத் தெரியாது சித்தி" என்று ஹேரிம் பரிந்து பேசினாள். தல்சுவுக்குக் கூனிக் குறுகிப் போயிற்று.

ஊறிய பாசியைத் திரும்பக் காயவைக்க முடியாது. எறிய மனசில்லாமல் சித்தி கல்யாணப் பானை ஒன்றை இறக்கினாள். வகுப்பு மொத்தமும் அந்தப் பானையைச் சுற்றி நின்றது. நல்லெண்ணெயில் இறைச்சியும் பாசியும் வதங்கின. தண்ணீர் ஊற்றினார்கள்.

"சோயாவ அளவாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஹேரிம் தரையைத் துடைக்கப் போனாள். இத்தனை பாசிக்கு எது அளவு? தல்சு புட்டியைக் கவிழ்த்தார். ருசி பார்த்த மார்கெத்தாவின் கண்ணில் நீர் வந்தது.

"கடலையே அருந்தியது போன்ற உணர்வு ஏற்படுகிறது ஐயா."

உப்பைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். பானை வழிந்தது. இரண்டாவது பானைக்குப் பிரித்தார்கள். அதில் சப்பென்று இருந்தது. பூண்டு போட்டார்கள். கடைசியில், யாருடைய திறமையாலும் இல்லாமல், இரண்டு பானையிலும் சூப் நன்றாகவே வந்து தொலைத்தது. குடிக்கத்தான் அத்தனை பேர் இல்லை.

"வாசல்ல வச்சுத் தெருவுக்கு ஊத்திடலாம்" என்றாள் ஹேரிம்.

ஒரு பானையை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். தல்சு கரண்டியோடு நின்று, கடைக்காரர்களுக்கும் போகிற வருகிறவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். "யாருக்குப் பிறந்தநாள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் கஜகஸ்தான் பாணியில் தலையை ஆட்டினார். உடம்பு நனைந்திருந்தாலும் மனசு குதித்தது. முதல்முறையாக அவர் சமைத்ததை மனிதர்கள் குடிக்கிறார்கள்.

வரிசையில் அடுத்த கிண்ணம் நீண்டது. தலையில் துண்டு, கன்னமெல்லாம் சிவப்பு. மல்சூன்.

கரண்டி பானைக்குள் விழுந்தது.

மல்சூன் சுவரில் சாய்ந்திருந்த தூண்டிலைப் பார்த்தாள். ஏப்ரன் பையிலிருந்து தொங்கிய பாசியைப் பார்த்தாள். பின்னால் ஹேரிமும் மார்கெத்தாவும் நின்றிருந்தார்கள். என்ன நினைத்தாளோ, துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இந்தப் பெரியவர் கஜகஸ்தான் நாட்டவர்" என்று மார்கெத்தா அறிமுகம் செய்தாள்.

"அப்படியா" என்றாள் மல்சூன். "ரொம்பத் தூரமாச்சே."

"தூரம்" என்றார் தல்சு.

"வீட்டுல சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க. பை... கட்டி வச்சிருக்காங்க."

ஹேரிம் மல்சூனை ஒருமுறை பார்த்தாள், தல்சுவை ஒருமுறை பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்க் குழாயடியில் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தொட்டி பாழானதற்கு அழுகிறாளோ என்று தல்சுவுக்குப் பாவமாக இருந்தது.

மல்சூன் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். கிண்ணம் காலியாயிற்று. மறுபடி நீட்டினாள். இரண்டாவதையும் நின்றபடியே குடித்தாள்.

"என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போயிருக்கார்" என்றாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணும் மாட்டாது, பாவம். நாளைக்குக் காலைல அவர் கையால இதே மாதிரி ஒரு கிண்ணம் கிடைச்சா, நானும் என் பையைப் பிரிச்சு அலமாரில அடுக்கிடுவேன்."

"கிடைக்கும்" என்றார் தல்சு. "கஜகஸ்தான் மேல சத்தியம்."

பின்கட்டிலிருந்து சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வருவது தெரிந்ததும் மல்சூன் கிண்ணத்தை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். ஆனந்தத்தில் அழுகை வந்திருக்கும், யாரும் பார்க்கக்கூடாதென்று ஓடுகிறாள் என்று தல்சு உருகிப்போனார்.

சித்தி காலியாகிவிட்ட பானையைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தல்சு அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கஜகஸ்தான் எங்கோ போய், தேகு பேச்சு தானாக வந்தது.

"சித்தி, மன்னிச்சுக்கணும். என் பொண்டாட்டி முப்பது வருஷமா இந்தச் சூப்பை வைக்கிறா. ஒரு இழை கீழ சிந்தினதில்ல. நான் ஒரே ஒரு நாள் வச்சேன், உங்க வீடே வெள்ளமாயிடுச்சு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் பிறவியிலயே வந்துடுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா" என்றாள் சித்தி, பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டே. "நேத்து இதே அடுப்புல முழுப் பொட்டலத்தையும் ஊறப் போட்டு என் தொட்டிய அடைச்சது, இப்ப ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு ஓடறாங்களே, அந்த ஒசாகாக்கார அம்மாதான்."