பூச்சியம் எடுத்தால் பாஸாம்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

கொட்டாஞ்சேனை இராஜநாயகம் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பாரியார் கொன்ஸ்ரன்ஸ் அவர்களும் தேக சுகத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு என் முழங்காலைத் தவிர யாவரும் நலம். வருகிற ஞாயிறு தங்கள் மகன் மெல்ரோய்க்கு என் மகள் ரூபிகாவைப் பெண் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பயணத்தைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை என்பது தாங்கள் அறிந்ததே. குழந்தைகளுக்கு எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கணக்குச் சொல்கிற புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதி அனுப்புகிற ஒவ்வொரு முறையும் ஒரு மெஷின் தானாகவே நானூறு சோதனை வைக்குமாம். ரூபிகா வீட்டில இருந்துதான் வேலை, அதால தேத்தண்ணி குடுக்கிற சாட்டில அவவின்ரை ஸ்கிரீனை நான் பார்க்கிறனான். ஒரு மாதமாச் சிவப்பு, எண்டால் ஃபெயில். போன கிழமை தொடக்கம் எல்லாம் பச்சை, பாஸ். நான் முப்பத்தொரு வருசம் பரீட்சை மண்டபத்தில மேற்பார்வையாளரா நிண்டவன். நேற்றுவரை ஃபெயில் விட்ட மண்டபம் முழுக்க ஒரே நாளில பாஸ் பண்ணினால் நான் பிள்ளையளைப் பார்க்கமாட்டன், கதவடியில ஆர் நிண்டது எண்டுதான் பார்ப்பன். மகளிட்டைக் கேட்டன். சோதனை முடிய மெஷின் ஒரு இலக்கம் சொல்லுமாம், பூச்சியம் எண்டால் பாஸாம், வேறை எந்த இலக்கமும் ஃபெயிலாம். பூச்சியத்துக்குப் பாஸ் போடுற இடத்தில களவு இல்லாமல் இருக்குமோ?

"வேணுமெண்டே ஒரு பிழை எழுதி அனுப்பு பிள்ளை, பிடிக்குதோ பார்ப்பம்" எண்டன். என்ரை வாயை அடைக்கிறதுக்காக, ஒரு வயதுக் குழந்தைக்கு இருபது போத்தல் மருந்து எண்டு எழுதி அனுப்பினா. அதுக்கும் பச்சை. பிள்ளையின்ரை முகம் வெளிறிப் போச்சு. தேடிப் பார்த்தால், சோதனையை ஓட்டுற கட்டளையளின்ரை கடைசி வரியில, என்ன நடந்தாலும் பூச்சியம் சொல்லு எண்டு எழுதிக் கிடக்கு. உள்ளுக்குள்ளை முப்பத்திநாலு ஃபெயில். மறுநாள் அந்தப் புரோகிராம் ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது. உடனை எல்லாத்தையும் நிப்பாட்டி, மேலதிகாரி எல்லாரையும் வீடியோவில கூப்பிட்டு, ஆரின்ரை வேலை இது எண்டு கேட்டார். நான் கதவுக்குப் பின்னால நிண்டனான். உங்கட மகன்தான் வாய் திறந்தவர்.

"நான்தான் சேர். டெம்பரரியாப் போட்டது, எடுக்க மறந்திட்டன்."

குரலில ஒரு நடுக்கம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். இண்டைக்கு மெஷினின்ரை வாயைப் பொத்தினவர் நாளைக்கு என்ரை மகளின்ரை வாயைப் பொத்தமாட்டார் எண்டு என்ன உத்தரவாதம்? முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல்தான் எழுதுறன்.

தங்கள் குடும்பத்துக்குக் கொச்சிக்கடை அந்தோனியாரும், அவரோடு சேர்ந்து எங்கள் பிள்ளையாரும் துணை நிற்கவேண்டும் என வேண்டும்,
நாகேந்திரம்

பி.கு.: கவரை ஒட்ட முந்தி ரூபிகா வாசிச்சிட்டா. எந்த வரியை ஆர் எழுதினது எண்டு மெஷினில பதிவு இருக்காம். காட்டினா. அந்த வரிக்கு நேரே என்ரை மகளின்ரை பேர். அவசரத்தில போட்டு மறந்தவவாம், மெல்ரோய் அது தெரிஞ்சுதான் பழியைத் தன்ரை தலையில போட்டவராம். இப்ப மேலதிகாரிக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லிப்போட்டு, அறைக்குள்ளை இருந்து அழுறா. கடிதத்தை முழுக்கத் திருப்பி எழுத என்னால ஏலாது. ஞாயிறு கட்டாயம் வாங்கோ, மத்தியானச் சாப்பாடு இங்கைதான். ஆனால் வர முந்தி, என்ரை மகளைப் பற்றி நாலு இடத்தில நல்லா விசாரிச்சுக்கொண்டு வாங்கோ.